தீக்குச்சியிடம் கேட்டேன்

எழுபத்துநான்கு வயதில் எனக்கு மூச்சுவிடக் கற்றுத்தந்தவர் என் தங்கை பாக்கியத்தின் கணவர் செல்லையா. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டே அவரைப் பார்த்துப் பழகியது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மூச்சு அவருக்கு எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன்.

முதலில் நோய். சிப்பிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு சின்ன ஏற்றம். அதில் முதலில் ஒரு இடத்தில் நின்றேன், பிறகு இரண்டு இடத்தில், போன மழைக்காலத்தில் மூன்று இடத்தில். நிற்கும்போது யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவேன். குனிந்தால் இன்னும் மூச்சு முட்டும். என் மனைவி மரகதம்தான் கண்டுபிடித்தாள். "சட்டைக்குப் பொத்தான் போட எதுக்குங்க உட்காருறீங்க?" என்று கேட்டாள். வயது என்றேன். "எனக்கும் அதே வயசுதான். நான் நின்னுக்கிட்டுத்தான் சேலை கட்டுறேன்" என்றாள்.

பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காலையில் என்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. 'மரகதம்' என்று கூப்பிட்டால் 'மர' வரும். 'கதம்' வர இன்னொரு மூச்சு வேண்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் தன் ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்த நர்ஸ் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மூக்கில் ஆக்சிஜன் குழாய், வாயில் மருந்தை ஆவியாக்கித் தரும் முகமூடி, கையில் ஊசி. நான்கு நாட்கள் இப்படிப் போயின. செலவு என்று பெரிதாக இல்லை, அரசு ஆஸ்பத்திரி. ஆனால் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்புவார்களோ என்று மரகதம் பயந்தாள். சென்னை என்ற சொல்லை எந்த டாக்டர் உச்சரித்தாலும், ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரில் உச்சரித்தாலும்கூட, அவள் என் காலைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் தீவுகளில் மெயின்லேண்டுக்குப் போன நோயாளிகளைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும்.

என் பயம் வேறு. அதை அவளிடமும் சொல்லவில்லை. செல்லையாவிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே என் மூச்சு நின்றுவிடுமோ என்பதுதான் அது. ஐந்தாம் நாள்வரை அது என்ன என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. நெஞ்சில் ஏதோ ஒரு பழைய உறுத்தல், அவ்வளவுதான். ஐந்தாம் நாள்தான் அதற்குப் பெயர் கிடைத்தது.

அன்று கொஞ்சம் தெளிந்திருந்தேன். மூச்சுப் பரிசோதனை அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்துவிட்டு, வாயில் ஒரு அட்டைக் குழாயைக் கொடுப்பார்கள். நெஞ்சு நிறைய இழுத்து, இருக்கும் பலத்தையெல்லாம் போட்டு ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதி முடிந்தது என்று நினைத்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கணினி அளக்கும். நல்ல நுரையீரல் முதல் வினாடியிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுமாம். அங்கிருந்த டெக்னீஷியன் ஒரு வங்காளி, நல்ல தொண்டை. ஊது, இன்னும் இன்னும் என்று ஹிந்தியில் கத்துவார்.

"ஃபூங்கோ தாதா, ஃபூங்கோ! அவுர், அவுர், அவுர்!"

நோயாளிக்கு உற்சாகம் வரட்டும் என்று கணினித் திரையில் வரிசையாக மெழுகுவத்திகள் எரிந்தன. நாம் ஊத ஊத ஒவ்வொன்றாக அணையும். எனக்கு இரண்டுதான் அணைந்தன. மற்றவை எரிந்துகொண்டே இருந்தன. அந்தச் சுடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பல வருடங்களுக்கு முன் என் விரலிடுக்கில் எரிந்த தீக்குச்சி ஞாபகம் வந்தது.

டாக்டர் மதுரைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அறிக்கையை என் பக்கம் திருப்பி விளக்கினார்.

"ஐயா, உங்களுக்குக் காத்து உள்ள போறதுல பிரச்சினை இல்ல. வெளிய வர்றதுலதான். நுரையீரலுக்கு ரப்பர் மாதிரி ஒரு இழுவிசை உண்டு. விரிஞ்சது தானா சுருங்கணும். உங்களுக்கு அது தொய்ஞ்சு போச்சு. சின்னச் சின்னக் குழாயெல்லாம் நீங்க வேகமா ஊதும்போது ஒட்டிக்குது. காத்து உள்ளயே மாட்டிக்குது."

எனக்குப் பாராடாங் படகுத்துறை ஞாபகம் வந்தது. அக்கரையில் வண்டிகள் இறங்கவில்லையென்றால் இக்கரை வண்டிகள் ஏற முடியாது. படகு நிறைந்தே நிற்கும். கரையில் ஹாரன் சத்தம் பெருகும். மூச்சு வாங்குகிறது என்கிறோம். வாங்க இடமில்லாததுதான் நோய்.

"அதனாலதான் உதட்டைக் குவிச்சு மெதுவா விடணும். அப்ப உள்ள ஒரு எதிர் அழுத்தம் உண்டாகும், குழாய் மூடாம இருக்கும்" என்றார்.

நான் படித்தவன். எங்கள் தோட்டத்தில் லயத்துப் பிள்ளைகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களில், பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். இந்த டாக்டரிடம் அதைக் காட்டிக்கொள்ள ஆசை வந்தது. "மெஷின் இல்லாத காலத்துல தீக்குச்சிய ஊதச் சொல்லிப் பார்ப்பாங்க, இல்லையா?" என்றேன்.

அவர் வியந்தார். "அட, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆமா. ஆனா வாயை நல்லா அகலமாத் திறந்து வச்சு ஊதணும். உதட்டைக் குவிக்கவே கூடாது. குவிச்சு ஊதினா நோயாளி யாரா இருந்தாலும் அணைச்சிடுவாங்க. அது டெஸ்ட்டே இல்ல."

நான் தலையாட்டினேன். 

நடந்தது இதுதான். நாங்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, போர்ட் பிளேருக்குத் தெற்கே ஒரு தீவில் ரப்பர் போடக் குடியேறியவர்கள். செல்லையா புகைக்கூடத்தில் வேலை செய்தார். நாங்கள் ஸ்மோக் ஹவுஸ் என்போம். ரப்பர் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக அழுத்தி, மூங்கில்களில் தொங்கவிட்டு நாள்கணக்கில் விறகுப் புகையில் உலர்த்துவார்கள். தகடுகளைத் திருப்பிப்போட ஒரு ஆள் அந்தப் புகைக்குள் போய்வர வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகு. புகையைக் கையால் தள்ளலாம்போல் இருக்கும். நான் அங்கே சூப்பர்வைசர்.

நெஞ்சு முட்டுகிறது, நாற்றங்காலுக்கு மாற்றிவிடுங்கள் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். உண்மையா சாக்கா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். எங்கோ ஒரு பத்திரிகையில் பாதி படித்தது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அவர் முகத்துக்கு எதிரே பிடிப்பேன். ஊது என்பேன். அணைந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது, புகைக்கூடத்துக்குப் போ. இதை விஞ்ஞானம் என்று நினைத்தேன். மனிதன் பொய் சொல்வான், நெருப்பு சொல்லாது என்று ஆட்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்து ஊத வேண்டும் என்ற அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது. எல்லோரும் உதட்டைக் குவித்தார்கள். எல்லோரும் அணைத்தார்கள்.

செல்லையா அந்த மழைக்காலத்தில் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஊதச் சொன்னேன். மூன்று முறையும் அணைத்தார். 'உடல்தகுதி உண்டு, வேலையில் விருப்பமில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். அதே பெட்டியிலிருந்து இன்னொரு குச்சி எடுத்து என் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டேன். அவர் இன்னும் ஒன்பது வருடம் அந்தப் புகைக்குள் போய்வந்தார். அவர் வாழ்நாளில் ஒரு பீடி குடித்ததில்லை.

பிறகு அவர் நடக்கும்போது உதட்டைக் குவித்து 'ஸ்ஸூ' என்று ஒரு சத்தம் விட ஆரம்பித்தார். "என்ன மச்சான், புதருக்குள்ள பாம்பா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஆட்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சொன்ன கேலிக்கு ஆட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

சுனாமியில் கடல் ஏறி வந்த பிறகு நாங்கள் சிப்பிகாட்டுக்கும் அவர்கள் வண்டூருக்கும் வந்தோம். ஆஸ்பத்திரியில் நான் படுத்த நாளிலிருந்து செல்லையா தினமும் மத்தியான பஸ்ஸில் வந்தார். பாக்கியம் கட்டிக்கொடுத்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் கையில் இருக்கும். லிஃப்டில் எப்போதும் கூட்டம் என்று மூன்று மாடியும் படியேறித்தான் வருவார். அந்த 'ஸ்ஸூ' சத்தம் நடைபாதையில் கேட்கும்போதே மரகதம் தட்டை எடுத்து வைப்பாள்.

ஆறாம் நாள் மரகதம் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். நான் ஆரம்பித்தேன்.

"மச்சான், ஒரு விசயம் சொல்லணும்."

"ரொட்டிய தின்னுட்டு சொல்லுங்க. ஆறினா வரட்டி மாதிரி ஆயிரும்."

"பெரட்டுல தீக்குச்சி ஊதச் சொன்னேனே..."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு போதாமல் துண்டு துண்டாகச் சொன்னேன். டாக்டர் சொன்னது, பதிவேட்டில் எழுதியது, பாம்புக் கேலி, எல்லாம். என் பரிசோதனை தப்பு என்றும், அன்றைக்கே அவர் நோயாளிதான் என்றும் சொன்னேன்.

"அது தப்புன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"நேத்து."

"எனக்கு அன்னைக்கே தெரியும்." அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "மூணாந்தடவ வரும்போது பாக்கியம் சொல்லித்தான் அனுப்பினா. ஊதாத, சும்மா வாய வச்சிக்கிட்டு நில்லுன்னு. நானும் அப்புடித்தான் வந்தேன். பின்னால ஒருத்தன் சொல்றான், மச்சினனுக்கு மச்சான் குச்சிய எட்டப் பிடிப்பாரு, அணையாது பாருன்னு. எனக்கு ரோசம் வந்திருச்சு. ஊதிட்டேன்."

"எனக்காகவா மச்சான்?"

"ஒங்களுக்காக ஒன்னும் இல்ல. என்னைய பெரிய மனசுக்காரன்னு நெனச்சிக்கிறாதீங்க. அத்தன பேரு முன்னால ஒரு குச்சிய அணைக்க வக்கில்லாதவன்னு நிக்க எனக்கு மானக்கேடா இருந்திச்சு. அப்புறம் ஒங்க மேல இருந்த கோவத்துல ரெண்டு தீவாளிக்கு ஒங்க வீட்டுக்கு வரல்ல. பாக்கியத்துக்கு சொகமில்லன்னு பொய் சொன்னேன்."

ஸ்ஸூ, ஸ்ஸூ என்று அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க குச்சிகிட்ட கேட்டீங்க மச்சான். எங்கிட்ட கேக்கல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்தச் சொல் சின்னதாக இருந்தது. அவரும் அதைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை.

"பெரட்டுல வச்சு செஞ்சீங்க. பெரட்டுல வச்சு சொல்லுங்க" என்றார். "இங்கயும் காலையில பெரட்டு இருக்குல்ல, டாக்டரம்மா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றாங்களே. நாளைக்கி காலைப் பஸ்ஸுக்கு வாறேன்."

மறுநாள் அவர் சொன்னபடி வந்து என் கட்டில் காலருகே நின்றார். டாக்டர், இரண்டு நர்சுகள், நான்கு மருத்துவ மாணவர்கள், எட்டுக் கட்டில்களிலும் நோயாளிகள். தமிழில் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, எனக்கும் அது ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கும். அதனால் ஹிந்தியில் சொன்னேன். இவர் பெயர் செல்லையா, இவர் மூச்சு முட்டுகிறது என்று மூன்று முறை சொன்னார், அரைகுறையாகப் படித்த ஒரு பரிசோதனையை நம்பி நான் இவரைப் பொய்யர் என்று எழுதினேன், இவர் பொய் சொல்லவில்லை என்றேன். நடுவில் இரண்டு முறை மூச்சுக்காக நிறுத்தினேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த தெலுங்கு மீனவர்தான் முதலில் வாய் திறந்தார். "பிறகு எதுக்கு இவர் தினமும் உனக்கு ரொட்டி கொண்டுவர்றார், தாதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ரொட்டி என் பெண்டாட்டி அனுப்புறது" என்று செல்லையா அதே ஹிந்தியில் சொன்னார். "நான் வெறும் பார்சல் ஆபீஸ்."

வார்டு சிரித்தது. நானும் சிரித்து, அதனால் இருமி, நர்சிடம் திட்டு வாங்கினேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் செல்லையாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இந்த மாதிரி ஊதி மூச்சு விட எங்க கத்துக்கிட்டீங்க? யார் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லல்ல மேடம். ஸ்மோக் ஹவுஸ விட்டு வெளிய வந்தா ஒரு ஏத்தம். ரெண்டு எட்டுக்கு இழுப்பேன், நாலு எட்டுக்கு விடுவேன். வாய தொறந்து விட்டா அடைக்கும். ஒதட்ட குவிச்சா எறங்கும். தானா வந்திருச்சு."

அன்றே அவரையும் அந்த அறைக்கு அனுப்பினார். நான் தள்ளுவண்டியில் வாசலில் இருந்து பார்த்தேன். வங்காளி "ஃபூங்கோ தாதா" என்று கத்தினார். செல்லையா கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். திரையில் ஒரு மெழுகுவத்தி அணைந்தது. இரண்டாவது ஆடிவிட்டு நிமிர்ந்தது. மூன்று தடவையும் அப்படியே.

டாக்டர் தாளை இருமுறை படித்தார். "இவரோடது உங்களோடதவிட மோசம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு செல்லையாவிடம், "நீங்க இன்னைக்கும் படியேறியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"லிஃப்ட்டுல ஒரே பீடு, மேடம்" என்றார் செல்லையா. பீடு என்றால் கூட்டம். அதை ஏதோ தானே செய்த குற்றம்போல் சொன்னார்.

எனக்கு அப்போது வந்தது அழுகை என்று மரகதம் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் உணர்ந்தது பெருமை. என்னைவிடக் குறைந்த காற்றை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ரப்பர் பால் வாளியோடு மேடு ஏறியிருக்கிறார், வண்டூரில் வீடு கட்டியிருக்கிறார், தினமும் மூன்று மாடி ஏறி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார். எந்தப் புத்தகமும் படிக்காமல் தன் நெஞ்சிடமே கேட்டு, டாக்டர்கள் சொல்லித்தரும் பாடத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறார். அவர் என் மச்சான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த நடைபாதையில் போன வார்டு பாயிடம்கூடச் சொன்னேன்.

செல்லையாவுக்கும் மூச்சில் இழுக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் சொன்னதையும் நான் இங்கே எழுதிவைக்க வேண்டும். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அது எனக்குரியது.

அடுத்த மூன்று நாட்கள் செல்லையா எங்கள் வார்டுக்கு வாத்தியார். வார்டில் மூச்சுப் பயிற்சி தரும் பெண் அவரையே நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். "தேத்தண்ணிய ஆத்துற மாதிரி ஊதாதீங்க, அது அவசரம்" என்பார். "தூங்குற புள்ளையோட மொகத்துல ஊதுற மாதிரி ஊதணும். புள்ள முழிக்கப்படாது." எட்டுக் கட்டிலும் 'ஸ்ஸூ' என்றது. நான் பாம்பு என்று கேலி செய்த அதே சத்தம்.

வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு நடைப் பரிசோதனை உண்டு. விரலில் கிளிப்போடு, ஆக்சிஜன் இல்லாமல், நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. எண் மிகவும் இறங்கினால் வீட்டுக்கும் ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும். எங்கள் பகுதியில் கரண்ட் போகும் லட்சணத்தில் அதை நம்பி வாழ்வது கஷ்டம். செல்லையா பக்கத்தில் நடந்தார். "ரெண்டுக்கு இழுங்க, நாலுக்கு விடுங்க. சூப்பர்வைசர் நடை நடக்காதீங்க மச்சான், ஆள் நடை நடங்க." நடுவில் ஒருமுறை நின்றேன். குனிந்து செருப்பைத் தேடவில்லை. நிமிர்ந்து நின்று ஊதினேன். பிறகு நடந்தேன். கிளிப்பில் எண் அதிகம் இறங்காததைப் பார்த்த நர்ஸ், "டீக் ஹை, தாதா" என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இயந்திரம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை செல்லையாவும் பாக்கியமும் வந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே இருந்தார்கள். நாங்கள் இருவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். விளக்கு மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்துவந்து ஒரு குச்சியைக் கொளுத்தினேன். செல்லையா ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

குச்சியை என் முகத்துக்கு எதிரே பிடித்தேன். டாக்டர் சொன்னபடி வாயை அகலமாகத் திறந்து ஊதினேன். சுடர் சற்றே சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினேன். அது குச்சியில் இறங்கி விரலுக்கு அருகே வந்தது. இன்னும் திறந்த வாயோடு ஊதிக்கொண்டிருந்தேன். கையை எடுக்கத் தோன்றவில்லை.

செல்லையா குனிந்து, உதட்டைக் குவித்து, அதை அணைத்தார்.

"வெரல் சுட்டுறும் மச்சான்" என்றார்.